எடை பார்த்து வாங்கியவர்களுக்கு, ஹேமாவைப் பற்றி

ஹேமா இறந்த செய்தி முதலாளி வழியாக வந்தது. நான் ஒரு கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள் கைவிட்டு வயர் செருகிக்கொண்டிருந்தேன். அவர் போனை வைத்துவிட்டு, "டேய் முரளி, நம்ம ஹேமா போயிட்டாளாம்டா. டெங்கு" என்றார். உடனே கவுன்டர் பக்கம் பார்த்து, "சார் வெயிட் பண்றாங்க. அதை முடிச்சுக் குடுத்துட்டுப் போ" என்றார். எதிரில் நின்றவர் யார் அது என்று கேட்டார். "இங்க வேலை பார்த்தவங்க" என்றேன். "அச்சச்சோ" என்றார். அடுத்த மூச்சில், "இந்த ஃபேன்ல ப்ளூ லைட்டும் வருமா?" என்றார். வரும் என்றேன். முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனேன்.

நம் தமிழ்ச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் எழுதிய இரங்கல்களைப் படித்தேன். 'இன்முகம் மாறாத சகோதரி' என்று ஒருவர் போட்டிருக்கிறார். ஐயா, வேறு யாருக்கோ எழுதியதை இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட்டீர்கள். ஹேமா உங்களைப் பார்த்து ஒரு நாளும் சிரித்ததில்லை. உங்களில் பாதிப்பேரை அவள் நிற்கவைத்துத் திட்டியிருக்கிறாள். திட்டு வாங்கிய நீங்கள் வெளியே போய் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தீர்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

செகந்திராபாத் கம்ப்யூட்டர் மார்க்கெட்டில் அந்தக் கடைக்கு நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன். அவள் என்னைவிட நான்கைந்து வயது பெரியவள். முதல் நாள் அக்கா என்று கூப்பிட்டேன். "அக்கா கிக்கான்னா ஸ்க்ரூடிரைவர் பறக்கும். இன்னா, பேர் சொல்ல வாய் வராதா?" என்றாள். வேலூர்க் குடும்பம், மல்காஜ்கிரியில் வாடகை வீடு. அப்பா இல்லை. அம்மா, பாலிடெக்னிக் படிக்கிற தம்பி. அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இதைச் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் அவள் இழந்தது அந்த வேலையை.

எஸ்.எம்.பி.எஸ். என்பது சுவரிலிருந்து வரும் கரன்ட்டை வாங்கி கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. அதில் விளக்கு எரியாது, வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்து வாய் பிளக்க மாட்டார்கள். அதனால் பட்ஜெட் இடித்தால் எல்லோரும் முதலில் அதன் கழுத்தில்தான் கை வைப்பார்கள். மிச்சம் பிடித்த மாதிரியும் இருக்க வேண்டும், ஏமாறாத மாதிரியும் இருக்க வேண்டும். அதற்கு நீங்கள் எல்லோரும் ஒரு பரீட்சை வைத்திருக்கிறீர்கள்: கையில் தூக்கிப் பார்ப்பது. போவன்பள்ளி மார்க்கெட்டில் பூசணிக்காயைத் தூக்கிப் பார்க்கிற அதே கை. கனமாக இருந்தால் நல்லது. ஹேமா பார்த்துக்கொண்டே நிற்பாள். "சாம்பார் வைக்கப் போறீங்களா சார்?" என்பாள்.

அவள் சொல்வது ஒன்றுதான். "மேல பெருசா போட்டிருக்கிற வாட்ஸ் நம்பரைப் பாக்காதீங்க. அது ஸ்டிக்கர், யார் வேணா அடிக்கலாம். வாரன்ட்டி எத்தினி வருஷம்? தன் பொருளை அவனே எத்தினி வருஷம் நம்புறான், அதைப் பாருங்க." வீட்டுக்கென்று பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்கிற மெஷினுக்குப் பெரிய நம்பரே தேவையில்லை, சின்ன நம்பர் யோக்கியமாக இருந்தால் போதும் என்பாள். காசு பத்தாவிட்டால் கண்ணாடி கேபினெட்டை விடு, லைட்டை விடு, கிராஃபிக்ஸ் கார்டை அடுத்த வருஷம் போடு. இதை மட்டும் விடாதே. நல்ல புத்திதான். ஆனால் சொல்கிற தொனியில் கேட்பவருக்கு உடம்பெல்லாம் எரியும்.

மல்காஜ்கிரியிலிருந்து ஒருவர் மகளோடு வந்தார். கோதண்டம் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசு நிறுவனத்தில் வேலை, ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச காலம். மகள் ஸ்வாதிக்கு வீட்டிலிருந்து செய்கிற அனிமேஷன் வேலை கிடைத்திருந்தது. மெஷின் அவளே போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சமயம் முதலாளி பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ். அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக வாங்கிப் போட்டிருந்தார். கண்ணாடி கேபினெட் வாங்கினால் அது இலவசம். கோதண்டம் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "நல்ல வெயிட்டா இருக்கே" என்றார்.

"உங்க பொண்ணு இதை வச்சுதான சோறு திங்கப் போவுது? இதைப் போட்டீங்கன்னா பட்டினிதான்" என்றாள் ஹேமா.

"ஏம்மா, நான் ஆபீஸ்ல எத்தனை மெஷின் பார்த்தவன் தெரியுமா?"

"பார்த்திருப்பீங்க. தூரமா நின்னு."

மகள் அப்பாவின் சட்டைக் கையை இழுத்தாள். "வத்து நான்னா, போதாம்" என்றாள் தெலுங்கில். வேண்டாம், போகலாம் என்று. அப்போதே விட்டிருந்தால் முடிந்திருக்கும். ஹேமா விடவில்லை. அவர் கையிலிருந்ததை வாங்கி, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, மூடியைத் திறந்து கவுன்டரில் கவிழ்த்தாள். உள்ளே நாலு சின்னப் பாகங்கள். அவற்றோடு, கனத்துக்காக மட்டும் வைத்திருந்த ஓர் இரும்புத் துண்டு விழுந்தது. கடையில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். "எடைக்கு எடை இருக்கு சார், எடுத்துக்குங்க" என்றாள்.

கோதண்டம் அப்போதாவது புரிந்துகொண்டிருப்பார் என்று நினைப்பீர்கள். புரிந்தது. முகத்தில் தெரிந்தது. அவர் முதலாளியைப் பார்த்து, "இந்தப் பொண்ணை வச்சு எப்படிங்க வியாபாரம் பண்றீங்க?" என்றார். முதலாளி மூன்று தலைமுறை செகந்திராபாத்காரர். "அது ஒரு பீஸ் டிஃபெக்ட் சார். டென்ஷன் நக்கோ, கவலைப்படாதீங்க, வேற சீல் பிரிக்காதது தர்றேன்" என்றார். கோதண்டம் அதை வாங்கினார். இரும்பு விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதே அட்டைப்பெட்டியிலிருந்து இன்னொன்றை வாங்கிக்கொண்டு போனார். ஒரு பெண் எல்லோர் எதிரிலும் சொன்னதைக் கேட்பதைவிட இரும்பை விலைக்கு வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

ஹேமாவை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார் முதலாளி. கோதண்டம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, அவர் சரி என்று போன் பண்ணினால் திரும்ப வரலாம். இதுதான் நிபந்தனை. அவள் மாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணி, "வண்டி எடுத்துட்டு வா" என்றாள். "கைக்கு?" என்றேன், எதற்கு என்று ஊர்ப் பாஷையில். "கால்ல விழத்தான். தம்பி காலேஜ் ஃபீஸை நீ கட்டுவியா?" என்றாள்.

கோதண்டம் எங்களை வாசற்படியில் நிற்கவைத்தார். ஹாலில் புது மெஷின் சிவப்பும் பச்சையுமாக மாரியம்மன் கோயில் சீரியல் செட் போல எரிந்துகொண்டிருந்தது. ஸ்வாதி அதன் முன்னால் உட்கார்ந்து எங்களைப் பார்க்காதது போல இருந்தாள். வண்டியில் வரும்போது ஹேமா ஒத்திகை பார்த்த வாக்கியம் எனக்குத் தெரியும். அதன் முதல் பாதியைச் சரியாகச் சொன்னாள். "அன்னிக்கு உங்களைப் பேசினது தப்பு சார்." கோதண்டம் தலையை ஆட்டினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கண் ஹாலுக்குப் போனது. "நீங்க வாங்கினது அதைவிடத் தப்பு. இப்பவாவது கழட்டிடுங்க" என்றாள்.

கதவு சாத்தப்பட்டது. படியிறங்கும்போது நான் அவளைத் திட்டினேன். "வேலை முக்கியமா, அந்த டப்பா முக்கியமா?" என்றேன். "ரெண்டும்தான்டா. அந்தப் பொண்ணு உக்காந்திருக்கு பாரு அதுக்கு முன்னாடி" என்றாள். கோதண்டத்திடமிருந்து முதலாளிக்குப் புகார் போன் வந்தது. திரும்ப வா என்று கடையிலிருந்து ஹேமாவுக்கு வரவில்லை.

அதன் பிறகு அந்த மார்க்கெட்டில் ஒரு கடையும் அவளை எடுக்கவில்லை. முதலாளிகள் ஒன்றாக டீ குடிப்பவர்கள். அவள் வீட்டிலேயே மெஷின் அசெம்பிள் பண்ணிக் கொடுக்கிறேன் என்று குழுவில் போட்டாள். உங்களில் சிலர் கை கூப்புகிற படம் அனுப்பினீர்கள். ஆர்டர் தந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். இன்று 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எழுதியவர்களில் ஒருவரும் அதில் இல்லை.

கோதண்டம் வீட்டு மெஷின் ஒரு பிற்பகலில் கரன்ட் போய் வந்தபோது புகைந்தது. போர்டு போயிற்று, டிஸ்க் போயிற்று, ஸ்வாதி அனுப்ப வேண்டிய வேலையெல்லாம் அதோடு போயிற்று. அந்தக் கம்பெனி அவளை வேலையை விட்டு நீக்கிவிட்டது. இந்தச் செய்தியை நான்தான் ஹேமாவிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். தங்கமான பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, "டிஸ்க்காவது பொழச்சுதா?" என்றாள். இல்லை என்றேன்.

கடையில் அவள் நின்ற கவுன்டர் இப்போது என்னுடையது. அந்த இலவச எஸ்.எம்.பி.எஸ். எல்லாம் தீர்ந்துவிட்டது. தீர்த்தவர்கள் நீங்கள்தான். அவள் இறந்த பிறகு, போன வாரம் கோதண்டம் மகளோடு வந்தார். ஸ்வாதிக்கு வேறொரு வேலை, அதற்கு வேறொரு மெஷின். வந்ததும் ஓர் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

"கீழ வைங்க சார். இன்னும் புத்தி வரலையா உங்களுக்கு? தன் பொருளை அவனே எத்தினி வருஷம் நம்புறான்னு பாருங்க" என்றேன். வேண்டுமென்றே அவளைவிடக் கடுமையாகத்தான் சொன்னேன்.

கோதண்டம் கீழே வைத்தார். மகளிடம் திரும்பி, "தம்பி விஷயம் தெரிஞ்சவர்மா. மூஞ்சிக்கு நேரா சொல்றார் பாரு" என்றார்.

ஸ்வாதி என்னைப் பார்த்தாள். "அந்த அக்கா கூடா இதே செப்பிந்தி கதா, நான்னா" என்றாள். அந்த அக்காவும் இதையேதானே சொன்னாள்.

"எந்த அக்கா?"

நான் சொன்னேன். "ஓ, அந்தத் திமிர் புடிச்ச பொண்ணா? இப்ப எங்க இருக்கு?" என்றார். அதையும் சொன்னேன். "அடப்பாவமே. நல்ல பொண்ணாச்சே" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. திமிர் பிடித்தவள் நல்ல பெண்ணாகிவிட்டாள். நான் காட்டியதை அவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். முதலாளி என் தோளில் தட்டினார்.

ஹேமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவள் நின்ற இடமும் அவள் சொன்ன அந்த வாக்கியமும். அதை நான் தினமும் சொல்கிறேன், அவள் தொனியிலேயே, சில நாள் அதைவிட மோசமாக. இதுவரை ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. நன்றி தம்பி என்கிறார்கள்.