டெஸ்ட் டியூபில் நான் ஊதிய காற்று

ஆய்வு அதிகாரி வரும் நாளன்று காலை ஒன்பதரை மணிக்கு டெஸ்ட் டியூபில் சேர்ந்திருந்த வாயு என் சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை.

மதுரையில் ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் நான் ஆய்வக உதவியாளர். பிள்ளைகளுக்கு 'லேப் அக்கா'. பத்தாம் வகுப்பின் ஒளிச்சேர்க்கைச் சோதனைக்கு ஹைட்ரில்லா பாசி கொண்டுவருவதும் என் பொறுப்புதான். எங்கள் ஊர் சோழவந்தான் பக்கம். வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலில் அந்தப் பாசி கொத்துக் கொத்தாகக் கிடக்கும். தூக்குவாளியில் அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்.

சோதனை எளிது. பீக்கர் தண்ணீரில் பாசியைப் போட்டு, மேலே புனலைக் கவிழ்த்து, புனலின் காம்பில் தண்ணீர் நிரம்பிய டெஸ்ட் டியூபைத் தலைகீழாக நிறுத்த வேண்டும். வெயில் பட்டால் பாசியிலிருந்து குமிழி குமிழியாக ஆக்சிஜன் கிளம்பி டியூபின் உச்சியில் சேரும். அதற்குள் கனலோடு ஓர் ஊதுபத்தியை நீட்டினால் சுடர் பிடிக்கும்.

ஆனால் வெயில் பட வேண்டும். அந்த வாரம் மூன்று நாளாக ஒரே மூட்டம்.

ஜான்சி டீச்சர் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. போன முறை வந்த அதிகாரி, "போர்டுல படம் போட்டாப் போதுமா? செஞ்சு காட்ட மாட்டீங்களா?" என்று பிள்ளைகள் முன்னாலேயே கேட்டுவிட்டுப் போயிருந்தார். அன்று காலை டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பீக்கரை ஜன்னலுக்குத் தூக்கினார், வராந்தாவுக்குத் தூக்கினார், மறுபடி மேஜைக்கே கொண்டுவந்தார்.

"இம்புட்டுத்தானா முத்துக்கா? இத வச்சு நான் என்னத்தக் காட்டுவேன்?"

"குமிழி கூட வரட்டும்னு சோடா உப்புப் போட்டுருக்கேன் டீச்சர். வெயிலு வந்தா வந்துரும்."

"வெயிலு எப்ப வர? அவரு பத்தரைக்கு வாராரு."

டீச்சர் பிரேயருக்குப் போனதும் லேபில் நான் மட்டும்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. ரப்பர் குழாயின் ஒரு முனையை டியூபின் வாய்க்கு அடியில் செருகி, மறுமுனையில் வாய் வைத்து ஊதினேன். இரண்டே ஊது. தண்ணீர் இறங்கி, டியூபில் பாதிக்கு மேல் காற்று நின்றது. டீச்சர் மறுபடி பேச்சு வாங்கக் கூடாது, அவ்வளவுதான் நினைத்தேன். அதிகாரி எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார் என்று நம்பினேன்.

"அக்கா! வந்துருச்சு!" திரும்பி வந்த டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பத்தரைக்கு வந்த அதிகாரி உட்காரவே இல்லை. "என்ன வாயுன்னு டெஸ்ட் பண்ணிக் காட்டுங்கம்மா" என்றார். கழுவிய பீக்கரையே நான் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். டீச்சர் டியூபை நிமிர்த்தி ஊதுபத்திக் கனலை உள்ளே நீட்டினார். கனல் மங்கியது. கறுத்தது. மறுபடி கொளுத்தி நீட்டினார். அதுவும் அணைந்தது.

அதிகாரி பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "ஏன் எரியல? யாராச்சும் சொல்லுங்க பாப்போம்."

மூன்றாவது பெஞ்சிலிருந்து பாண்டிச்செல்வி எழுந்தாள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

"சார், மூணு நாளா வெயிலே இல்ல. செடியும் மூச்சு விடும்ல சார்? அப்பக் கார்பன் டை ஆக்சைடுதான வரும்? அதான் டியூப்ல நெறஞ்சிருக்கு. அதான் அணைஞ்சிருச்சு."

"சபாஷ்!" என்று அதிகாரி கை தட்டினார். வகுப்பே தட்டியது. "சரியா வராத சோதனையிலயும் பிள்ளைகள யோசிக்க வச்சிருக்கீங்க" என்று டீச்சரைப் பாராட்டி, பதிவேட்டிலும் நல்லவிதமாக எழுதிவிட்டுப் போனார்.

ரெக்கார்டு நோட்டு

தப்பித்தோம் என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மதியம் நாற்பது பிள்ளைகளும் ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, 'சேகரமான வாயு: கார்பன் டை ஆக்சைடு' என்று எழுதி என் மேஜையில் அடுக்கினார்கள். பாண்டிச்செல்வி பச்சை மையில் அடிக்கோடு போட்டிருந்தாள். நான் பிளஸ் டூதான். ஆனாலும் லேபிலேயே கிடந்தவளுக்குத் தெரியும்: பாசி விடும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரிலேயே கரைந்துவிடும், இப்படிப் பாதி டியூபுக்குச் சேராது. என் மூச்சுக் காற்றுக்குத்தான் அந்தப் பிள்ளை காரணம் கண்டுபிடித்திருந்தாள்.

இரண்டு நாள் எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்பினேன். மூன்றாம் நாள் சுள்ளென்று வெயில் அடித்தது. டீச்சர் பேனாவைத் திறந்து முதல் நோட்டை எடுத்தார்.

"கையெழுத்துப் போட்டுராதீங்க டீச்சர்" என்றேன். ஊதியதைச் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "ரெண்டு நாளா காலேஜ் புக்கெல்லாம் தேடி எடுத்துப் பொரட்டிக்கிட்டு இருக்கேன்க்கா. நான் படிச்சதே தப்போன்னு" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "பிள்ளைககிட்ட நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். சில பிள்ளைகள் சிரித்தார்கள். பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை.

"அப்ப எனக்குக் கை தட்டுனது?"

காலையில் பாசி அள்ளி வந்த தூக்குவாளியை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அன்றே புதுப் பாசி போட்டு மைதானத்து வெயிலில் பீக்கரை வைத்தோம். பாண்டிச்செல்வி மதியச் சாப்பாட்டைக்கூட அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். கடைசி பீரியடில்தான் டியூப் பாதி நிறைந்தது. டீச்சர் ஊதுபத்தியை அவளிடமே கொடுத்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"இதுல யாரும் ஊதலையேக்கா?"

"நீதானத்தா கூடவே உக்காந்திருந்த?"

நீட்டினாள். படத்தில் இருப்பதுபோல் குப்பென்று எரியவில்லை. கனல் சிவந்து, மஞ்சளாகி, ஒரு நொடி சின்னச் சுடர் பிடித்து அணைந்தது. மற்றவர்கள் கத்தினார்கள். அவள் மறுபடி கொளுத்தி உள்ளே விட்டுப் பார்த்தாள்.

விஷயம் காதுக்கு எட்டியதும் தலைமையாசிரியை என்னிடம் விளக்கம் எழுதி வாங்கினார். பாண்டிச்செல்வி பழைய பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதன் கீழேயே, 'மேலே எழுதியது தவறு. டியூபில் இருந்தது லேப் அக்கா ஊதிய காற்று' என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதற்கும் கையெழுத்துப் போட்டார்.

லேப் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குமிழி வராவிட்டால் வராத டியூபையே வகுப்பில் வையுங்கள். ஏன் வரவில்லை என்று பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். பொய்யை வைத்தால், அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவர்களுக்கு அறிவு இருக்கிறது.