கதிரவெளிக்குக் கொண்டுபோன இரண்டு பக்கங்கள்

வாழைச்சேனை ஸ்டேஷனில் இறங்கியபோது காலை ஏழேகால். முந்தின நாள் மாலை கொழும்பில் ஏறியவன்; சட்டையெல்லாம் கரித்தூள். வாசலிலேயே ஓட்டமாவடி இஸ்மாயில் காக்காவின் மாட்டுவண்டி கிடைத்தது. கதிரவெளிக்கு இருபத்தேழு மைல். போக வர ஆறு ரூபாய் கேட்டார். சரி என்றேன்.

"கந்தோர் ஐயா மாதிரி இரிக்கீங்க. அங்க என்ன அலுவல்?"

"ஒருவரிடம் ஒரு கடதாசி கொடுக்கவேண்டும்."

விஷயம் இதுதான். காடு, நீர், மண், கனிமம் பற்றிய அரசாங்க அறிக்கைகளைச் சேர்த்து வைக்கும் நூலகம் ஒன்று கொழும்பில் இருக்கிறது. அதன் தலைமைப் பொறுப்பு என்னுடையது. கதிரவெளியிலிருந்து சின்னத்தம்பி என்ற, வயல் செய்யும் கமக்காரர் ஒன்றரை வருடத்தில் எனக்கு மூன்று கடிதங்கள் எழுதியிருந்தார். அவருடைய சிறுவயதில் ஒரு வெள்ளைக்காரர் வந்து, ஊரெங்கும் இரும்புக் கம்பி இறக்கி மண்ணைச் சோதித்துக் குறித்துக்கொண்டு போனாராம். 'பங்குனி பிறந்தால் எங்கள் கிணறுகள் உவர்த்துவிடுகின்றன. ஆழமாக ஒரு கிணறு வெட்ட எண்ணியிருக்கிறோம். எங்கே வெட்டலாம் என்பது அந்தத் துரை எழுதியதில் இருக்கும். தயவுசெய்து அதைப் பார்த்து எழுதி அனுப்பவும்.' மூன்று கடிதங்களிலும் கேள்வி இதுவே. மூன்றுக்கும் நான் அனுப்பிய பதிலும் ஒன்றே: 'நூல்கள் அரசாங்கக் கந்தோர்ப் பாவனைக்கு மட்டும் உரியவை. நேரில் வந்து பார்வையிடலாம்.'

நாலாவது கடிதம் வரவில்லை. வந்திருந்தால் அதே பதிலை அனுப்பியிருப்பேன், வராததுதான் உறுத்தியது. ஒரு நாள் அந்த அறிக்கையைத் தேடி எடுத்தேன். கதிரவெளி பற்றியது இரண்டே பக்கம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குள் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். மூன்று தரம் மறுத்தவன் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதே மரியாதை என்று பட்டது. லீவு எடுத்துப் புறப்பட்டேன்.

முதல் நாள் பொழுது மாங்கேணியோடு முடிந்தது. வழி நெடுக மணல். பல இடங்களில் இறங்கி நடந்தோம். மறுநாள் ஒன்பதரைக்குப் பனிச்சங்கேணி வாவிக்கரையை அடைந்தோம். இரண்டு தோணிகளைப் பலகையால் பிணைத்த மிதவையில் வண்டியையும் மாட்டையும் ஏற்றி அக்கரை சேர்க்கிறார்கள். அதற்கு இவ்வூர்ப் பெயர் 'பாதை'. அது அக்கரையில் நின்றது. கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். இறங்கி ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்பு.

"ஆருக்கு ஐயா கடதாசி?" என்று அப்போதுதான் கேட்டார் இஸ்மாயில் காக்கா.

பெயரைச் சொன்னேன். மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த அவருடைய கை நின்றது.

"அவர் மௌத்தாகி நாலு மாசம். உங்களுக்குத் தெரியாதா? கிணறு வெட்டக்குள்ள மணல் சரிஞ்சி மூடிட்டு. எடுக்கக்குள்ள உசிர் இல்ல."

பாதை வந்தது. இங்கிருந்தே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன் என்பதை மறைக்கமாட்டேன். இஸ்மாயில் காக்கா வண்டியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் ஏறினேன். எஞ்சியது பத்து மைல்.

பிற்பகல் மூன்று மணிக்குக் கதிரவெளி. கடலிரைச்சல் கேட்கும் தூரத்தில் ஓலை வீடு. சின்னத்தம்பியின் மனைவி நாகம்மை நெல் புடைத்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கலாம். பக்கத்து வளவிலிருந்து அவருடைய தமையனும் வந்து நின்றார். நான் யாரென்றும் என்ன கொண்டுவந்தேன் என்றும் சொன்னதும் நாகம்மை சுளகைக் கீழே வைத்தார்.

"வாசியுங்க," என்றார்.

வாசித்தேன். ஊரின் கிழக்குப் புறத்தில் பதின்மூன்று அடிக்குக் கீழே நீரோடு சேர்ந்து ஓடும் மணல், கிணற்றுச் சுவர் நில்லாது. மேற்கே மேட்டு நிலத்தில் இருபது அடி வரை இறுகிய களி. அதன் கீழே நல்ல நீர்.

"மேட்டு வட்டைப் பக்கத்தச் சொல்றாங்க," என்றார் தமையன் மெல்ல. வட்டை என்றால் வயல்வெளி.

நாகம்மை வீட்டுக்குக் கிழக்கே பார்த்தார். அங்கே கிடந்த மணற்குவியலில் அடம்பன் கொடி ஏறத் தொடங்கியிருந்தது.

"இஞ்சால வெட்டப்படாதெண்டு அதில கிடந்ததா?"

"ஓம்."

"அவர் கேக்கக்குள்ள நீங்க வாசிச்சிப் பாத்தீங்களா?"

"இல்லை. திறந்தும் பார்க்கவில்லை. அந்தப் பதில்களில் கையெழுத்து வைத்தவன் நான்தான்."

அவர் அழவில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"கொழும்புக்கு வரத்தான் இருந்தவர்," என்றார் கடைசியில். "வெள்ளாம வெட்டு முடியட்டும், போய் வாறன் எண்டார். அதுக்குள்ள தண்ணிக்குச் சனம் தவிச்சிப் போச்சி. ரெண்டு மைல் போய்க் குளத்துத் தண்ணி அள்ளினம். அதுதான் இறங்கினவர்."

தாள்களைத் தமையனிடம் கொடுத்தேன். எழும்பியபோது நாகம்மை கூப்பிட்டார்.

"அவர் நிண்டது பதினாறு அடியில. அதையும் அந்தப் புத்தகத்தில எழுதுங்க. அடுத்த முறை ஆரும் கேட்டா, சொல்லக் கிடக்குமே."

எழுதுவதாகச் சொன்னேன். அவர் சுளகை மறுபடியும் எடுத்துக்கொண்டார். வண்டி வரை வந்த தமையன், மேட்டு வட்டையில் அடுத்த கிழமையே தொடங்கப்போவதாகச் சொன்னார். போய்வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை.

கொழும்பு திரும்பிய மறுநாள், ஊழியர்கள் வருமுன் நூலகத்தைத் திறந்தேன். நூல்களில் பென்சிலால் கோடிட்டவர்களைக்கூட நான் கடிந்திருக்கிறேன். அந்த அறிக்கையின் பக்க ஓரத்தில் மையால் எழுதினேன்: 'ஊரின் கிழக்கே கதிரவெளி சின்னத்தம்பி பதினாறு அடி வரை வெட்டினார். மணல் சரிந்து இறந்தார்.'

அவர் ஏன் அங்கே வெட்டினார் என்பதையும் எழுத ஓரத்தில் இடமிருந்தது. பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பியோன் வந்து ஜன்னல்களைத் திறக்கும் சத்தம் கேட்டது. எழுதியிருந்ததன் மை காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, மீதி இடத்தை வெறுமையாகவே விட்டுப் புத்தகத்தை மூடினேன்.