லூபா கினாகினின் ஒரு 'வேண்டாம்'

லூபா கினாகினுக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது. நாக்கில் ஏதும் குறை இல்லை. மர ஆலையில் வேலை பார்க்கும் கணவன் நிக்கோடு சண்டை என்று வந்தால் ரஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறிக் கொட்டுவாள். ஆனால் யாராவது ஆசையாக முகத்தைப் பார்த்து ஒன்று கேட்டுவிட்டால் அவ்வளவுதான், ஆள் கரைந்துவிடுவாள். அவள் வீட்டில் நாலு தலைமுறையாகச் சைவம். கனடாவில் செல்கர்க் மலைமேல் எங்கள் விடுதியில் சமையலுக்குச் சேர்ந்த முதல் வாரமே ஒரு விருந்தாளி பன்றிக்கறி வறுவல் கேட்டார். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வறுத்துக் கொடுத்தாள். உப்புப் பார்க்கத்தான் ஆள் தேட வேண்டியிருந்தது.

எட்டுக் குளிர்காலம் அடுப்படியில் நின்றாள். ஓய்ந்த நேரத்தில் ஸ்கீ என்ற பனிச்சறுக்குக் கட்டையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்ப் போய்க் கால் பழகி, கடைசியில் சமையலை வேறொருத்தியிடம் விட்டுவிட்டு வழிகாட்டிகளோடு சேர்ந்துகொண்டாள். வரிசையின் கடைசி ஆள் வேலை. முன்னால் போகிற வழிகாட்டி தடம் போடுவார். விருந்தாளிகள் அந்தத் தடத்தில் ஏறுவார்கள். கடைசி ஆள் விழுந்தவரைத் தூக்கிவிட்டு, அறுந்த வாரைக் கட்டிக்கொடுத்து, அழுகிறவருக்குச் சாக்லேட் கொடுத்துக்கொண்டு பின்னால் வருவார். அவர் முதுகில் ஒரு சிவப்புப் பை இருக்கும். அடிபட்டவரை இழுத்து வரும் மடக்குப் பலகை, மருந்துப் பெட்டி, உடைந்ததை ஒட்டுவதற்கான சாமான் எல்லாம் அதில்தான். பதினாலு கிலோ. பதினோரு குளிர்காலமாக அந்தப் பை லூபாவின் முதுகில் இருந்தது.

ஐம்பத்தோரு வயதில் அவளுக்கு முன்னால் போக ஆசை வந்தது. அதற்கு ஒரு பரீட்சை உண்டு. மூன்று முறைதான் எழுதலாம். எழுதுவது என்றால் பேனாவால் இல்லை. விருந்தாளிகளை நாலு நாள் மலையில் நடத்திக் காட்ட வேண்டும், பரீட்சைக்காரர் கூடவே வருவார். முதல் முறை, இன்னும் ஒரே ஒரு இறக்கம் என்று விருந்தாளிகள் கெஞ்சினார்கள் என்று சம்மதித்து, எல்லாரையும் இருட்டில் விடுதிக்குக் கூட்டி வந்தாள். இரண்டாம் முறை, கூட்டத்தை விட்டுத் தனியாக இறங்கிப் பார்க்கிறேன் என்ற ஒருவரை அனுப்பிவைத்துவிட்டு, மூன்று மணி நேரம் அவரைத் தேடினாள். இரண்டு தாளிலும் இரண்டு வேறு பேர் ஏறக்குறைய ஒரே வரியை எழுதியிருந்தார்கள்: அன்பானவர், வேண்டாம் என்று சொல்லத் தெரியவில்லை. இந்த மார்ச் மாதம் நடந்தது மூன்றாவது. இதிலும் தோற்றால் சாகும்வரை சிவப்புப் பைதான்.

பரீட்சை எடுக்க வந்தவள் பெயர் மார்கிட். சின்ன வயசுதான், லூபா பரணில் வைத்திருக்கும் பழைய ஸ்கீயைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். அதிகம் பேசமாட்டாள், சின்ன நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டே இருப்பாள். விருந்தாளிகள் ஐந்து பேர், சஸ்கட்டூன் ஊர்க்காரர்கள். அந்த ஊரில் மலை இல்லை, மேடுகூட இல்லை. அவர்களுக்குத் தலைவன் மாதிரி ஒருவன், டூகல் என்று பெயர், குழாய் வேலை செய்கிறவன். கூட அவன் மனைவி ஜோனி. டூகல் வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய உடனே எதிர்மலையைக் கைகாட்டினான். அங்கேதான் மேசைவிரிப்பு இருக்கிறது. ஒரு சுருக்கம் இல்லாமல் உச்சியிலிருந்து அடிவாரம் வரை வெள்ளையாக விரித்துப் போட்ட சரிவு. மூன்று வருஷமாக அதன் படத்தைத் தன் வண்டிக்குள் ஒட்டிவைத்திருக்கிறானாம். சனிக்கிழமை முகட்டுப் பக்கம் லூபா குழி தோண்டிப் பார்த்தபோது பனி கெட்டியாகத்தான் இருந்தது. டூகலின் முகத்தைப் பார்த்தாள். திங்கட்கிழமை போகலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். மார்கிட் நோட்டில் என்னவோ எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி. பனிச்சரிவில் ஒருவர் புதைந்துவிட்டால் மற்றவர்கள் எப்படித் தேடி எடுப்பது என்று பழக்குவது. எல்லார் நெஞ்சிலும் பீக்கன் என்று ஒரு கருவி கட்டியிருக்கும். சும்மா இருக்கும்போது அது ரேடியோ அலையில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்துவிட்டால் மேலே இருப்பவர்கள் தங்களுடையதைக் கேட்கும் நிலைக்கு மாற்றி, புதைந்தவரின் கூப்பாட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பயிற்சிக்கென்று விடுதியில் ஒரு பழைய பீக்கன் உண்டு. லூபா அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, கண்டுபிடிக்கிறவருக்குப் பரிசாக பிராகி என்று அவள் சுடும் அவரைப்பருப்பு அடைத்த ரொட்டி நாலைந்தையும் கூடவே வைத்து, சனிக்கிழமை சாயங்காலமே விடுதிக்குக் கீழே உள்ள புல்வெளிப் பனியில் மார்பளவு குழி தோண்டிப் புதைத்துவிட்டிருந்தாள். இரவு ஒரு முழம் புதுப்பனி விழுந்து தடத்தையெல்லாம் மூடிவிட்டது.

மணி பார்த்து ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு: பனிக்குள் போனவருக்குப் பதினைந்து நிமிஷம்தான் உயிர். ஐந்து பேரும் பீக்கனைக் கையில் ஏந்திக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று, எட்டு ஆயிற்று. ஜோனி தன்னுடையதைக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். பத்தாவது நிமிஷம் லூபாவுக்கு நினைவு வந்தது.

சனிக்கிழமை காலை, எல்லாருடைய பீக்கனும் கூப்பிடுகிறதா என்று வாசலில் சோதிக்க அந்தப் பழையதைத்தான் கேட்கும் நிலையில் வைத்தாள். திருப்பி மாற்றினாளா? மாற்றவில்லை. அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். புதைந்தது கூப்பிடவில்லை; இவர்களைப் போலவே அதுவும் கீழே கிடந்து கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் மூக்கைச் சொறிந்துகொண்டு மார்கிட் நிற்கிறாள். ஏதோ மின்கலம் தீர்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் யாருக்கும் தெரியாது. லூபா அதை யோசித்தாள் என்பது உண்மை, பொய் சொல்வானேன். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவளுக்குக் கிடையாது.

"நிறுத்துங்க எல்லாரும்," என்றாள். "தப்பு என்னோடது. பீக்கனைத் தப்பான நிலையில வெச்சுப் புதைச்சுட்டேன். அது கூப்பிடாது. நாள் பூரா நடந்தாலும் கேக்காது. கம்பியை எடுங்க."

பீக்கன் உதவாதபோது கம்பிதான். ஆறு பேரும் தோளோடு தோள் இடிக்க வரிசையாக நின்று, ஆளுயரத்தைவிட நீளமான மெல்லிய கம்பியைப் பனிக்குள் இறக்கி எடுத்து, ஒரே ஒரு அடி முன்னால் வைத்து, மறுபடி இறக்க வேண்டும். லூபா குரல் கொடுத்தாள். குத்து, தூக்கு, ஒரு அடி. குத்து, தூக்கு, ஒரு அடி. முதலில் முனகினார்கள். பத்து நிமிஷத்தில் சஸ்கட்டூன்காரர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. அறுவடைக்கு நின்ற மாதிரி தாளம் வந்துவிட்டது, ஒருவர் பாட ஆரம்பித்தார். வழிகாட்டியே தொலைத்ததை விருந்தாளி தேடுவதற்கு எவ்வளவு கூலி என்று டூகல் கேட்டான். பிராகி என்றாள் லூபா. உறைந்த பிராகியா என்றான். ஆமாம், பல் உடைந்தால் அதற்கும் மருந்துப் பெட்டி இருக்கிறது என்றாள். நாற்பது நிமிஷம் கழித்து ஜோனியின் கம்பி டொக்கென்று எதையோ தொட்டது.

டூகல் பனி வாரும் ஷவலை வாங்கிக்கொண்டான். வாழ்நாளெல்லாம் குழாய்க்குப் பள்ளம் தோண்டியவன். அரைகுறையாகத் தோண்ட அவனுக்குக் கை வராது. லூபா தோண்டிய பழைய குழிக்கு வெளியே அகலமாகத் தொடங்கி, பக்கச் சுவரைக் கத்தியால் வெட்டிய மாதிரி நேராகச் சீவி இறக்கினான். டப்பா வந்தது, கைதட்டினார்கள். லூபா கைதட்டவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் ஆழத்தில் ஒரு சாம்பல் கோடு ஓடியது, பென்சிலால் இழுத்தது போல. விரலை வைத்தாள். அந்த இடத்துப் பனி சீனி மாதிரி பொலபொலவென்று கொட்டியது.

பனிப் பாளம் ஒன்றைத் தனியாக அறுத்து நிறுத்தி, அதன் தலையில் ஷவலை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து மெதுவாகத் தட்டினாள். முப்பது தட்டு தாங்கினால் நல்லது. மூன்றாவது தட்டில் மேல்பகுதி முழுவதும் அந்தக் கோட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு அவள் மடியில் வந்து விழுந்தது. இந்தப் புல்வெளியும் மேசைவிரிப்பும் ஒரே திசையைப் பார்ப்பவை, இரண்டுக்கும் காற்று மறைவு. இங்கே இருக்கும் கோடு அங்கேயும் இருந்தால், ஆள் ஏறியதும் சரிவே கழன்று வந்துவிடும். சனிக்கிழமை அவள் பார்த்த முகட்டில் காற்று அந்தச் சீனியை முன்னமே துடைத்துவிட்டிருக்கிறது. சரி, சனிக்கிழமை சாயங்காலம் இதே இடத்தில் தோண்டியவள் இதை ஏன் பார்க்கவில்லை? புதுச் சமையல்காரிக்கு ஒத்தாசையாக அடுப்பில் போர்ஷ் சூப்பை ஏற்றிவிட்டு வந்திருந்தாள். அடிப்பிடித்துவிடுமோ என்ற அவசரத்தில் அள்ளிப் போட்டு மூடிவிட்டு ஓடிவிட்டாள்.

எங்கள் விடுதியில் ஒரு வழக்கம் உண்டு. காலைக் கஞ்சி முடிந்ததும் அன்றைக்குப் போகிற இடத்தைச் சொல்லி, வயதில் சின்னவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகப் 'போகலாம்' அல்லது 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். வழிகாட்டி கடைசி. ஒரே ஒரு வேண்டாம் போதும், அந்த இடத்துக்குப் போவதில்லை. ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர் அன்று இரவு பாத்திரம் கழுவ வேண்டும்.

திங்கட்கிழமை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மேசைவிரிப்பு வெயிலில் மின்னியது. குழியின் சுவரில் தான் பார்த்ததை லூபா எல்லாருக்கும் சொல்லியிருந்தாள். ஆனாலும் ஆசை கண்ணை மறைக்குமல்லவா. சின்னவர் போகலாம் என்றார்.

"நான் இன்னிக்கு விருந்தாளி," என்றாள் அடுத்திருந்த மார்கிட். "விருந்தாளியாச் சொல்றேன். போகலாம்."

பரீட்சைக்காரியே போகலாம் என்கிறாள். ஜோனி போகலாம் என்றாள். மற்ற இருவரும் சொன்னார்கள். டூகல் மூன்று வருஷத்தையும் சேர்த்துப் போகலாம் என்றான். பிறகு எல்லாரும் லூபாவைப் பார்த்தார்கள். அத்தனை பசித்த முகங்களை ஒன்றாக அவள் சமையலறையில்கூடப் பார்த்ததில்லை. போகலாம் என்றால் இந்த மேசை முழுக்க மலர்ந்துவிடும். அந்தக் கோடு அங்கே இல்லாமலும் இருக்கலாம்.

"வேண்டாம்," என்றாள் லூபா.

மிகவும் மெல்லத்தான் வந்தது. ஆனால் வந்துவிட்டது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. டூகலின் முகம் மட்டும் முழங்கால் வரை தொங்கிப்போனது. ஜோனி அவன் பக்கம் திரும்பி, "பாத்திரம் நீ கழுவு. நான் தொடைக்கறேன்," என்றாள்.

அன்று காட்டுக்குள் கூட்டிப்போனாள். விடுதிக்குப் பின்னால் சரிவு குறைந்த, அடர்ந்த தேவதாருக் காடு. அதற்கு யாரும் பெயர்கூட வைக்கவில்லை. இரண்டு மணி நேரம் ஏறி, ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டியிருந்த தோலை உரித்து மடித்துவிட்டு இறங்கினார்கள். சனிக்கிழமை இரவு விழுந்த பனி அங்கே ஒருவர் கால்படாமல் அப்படியே கிடந்தது. முதல் திருப்பத்திலேயே பனி எழும்பி நெஞ்சில் அடித்தது, இரண்டாவதில் முகத்தில். இப்படி ஒரு இறக்கம் இருக்கிறதென்று சஸ்கட்டூனில் யாருக்கும் தெரியாது. நடுவில் டூகல் தலைகுப்புறப் போனான். கொஞ்ச நேரம் பனிக்கு வெளியே ஒரு ஸ்கீ மட்டும் தெரிந்தது. லூபா பக்கத்தில் போய் நின்றபோது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. தூக்கிவிட்டாள். தாடி, புருவம், காது எல்லாம் வெள்ளை.

"இன்னொரு தடவை போலாமா?" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி.

"போலாம்," என்றாள் லூபா. அதைச் சொல்லும்போது எவ்வளவு சுகமாக இருந்தது!

கீழே, காட்டின் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எதிரே மேசைவிரிப்பு. சரிந்து விழவில்லை, ஒரு கீறல்கூட விடவில்லை. அன்று விழவில்லை, அந்த வாரமும் விழவில்லை. லூபா சொன்னது சரியா தப்பா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. எங்கள் தொழிலில் சரியான வேண்டாமுக்குச் சாட்சி கிடைப்பதில்லை. டூகல் பிராகியைக் கடித்துக்கொண்டே அதைக் காட்டினான்.

"அது பாட்டுக்கு உக்காந்திருக்கு பாருங்க, லூபா."

"இருந்துட்டுப் போகட்டும்," என்றாள். அவளுக்கே வியப்பாக இருந்தது, மனதில் குறுகுறுப்பே இல்லை.

மறுபடி ஏறத் தோலை ஒட்டிக்கொண்டிருந்தபோது மார்கிட் பக்கத்தில் வந்து நின்றாள். காலையில் போகலாம் என்றீர்களே என்று லூபா கேட்டாள். விருந்தாளிக்கு ஆசை இருக்காதா என்றாள் மார்கிட், ஆசையை விருந்தாளி பார்த்துக்கொள்வார், மற்றதை வழிகாட்டி பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு லூபாவின் முதுகைக் காட்டினாள்.

"அதக் கழட்டுங்க."

லூபாவுக்கு விளங்கவில்லை. நாலு நாளாக வரிசையின் முன்னால் போகிறாள். ஆனால் பழக்கதோஷத்தில் சிவப்புப் பையையும் அவளே சுமந்துகொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

"முன்னாடி போறவங்க இதச் சுமக்கறதில்ல," என்றாள் மார்கிட். "இன்னிக்கு மட்டும் இல்ல. இனிமே."

நோட்டை உள்பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்து மூடினாள். தன் பையிலிருந்த நாலு சாமானைச் சிவப்புப் பைக்கு மாற்றி, தன் காலிப் பையை லூபாவிடம் கொடுத்துவிட்டு, பதினாலு கிலோவையும் தூக்கி முதுகில் போட்டு வாரை இறுக்கினாள். ஜோனிக்கு முதலில் புரிந்துவிட்டது. டூகலின் விலாவில் இடித்தாள். லூபாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், வழக்கம்போல, வாயில் வந்ததைக் கேட்டாள்.

"கனமா இருக்கும். பாதி வழி நான் தூக்கிட்டு வரட்டுமா?"

"வேண்டாம்," என்றாள் மார்கிட், வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டு.