ஆடியில் போட்ட அவரை

போன வாரம், ஆடி பிறந்த அன்று, மெல்போர்னிலிருந்து என் அக்கா மகள் வீடியோவில் கூப்பிட்டாள். கல்யாணமாகி அங்கே போய் நான்கு மாதம்தான் ஆகிறது. கம்பளித் தொப்பிக்கும் கழுத்துத் துணிக்கும் நடுவே மூக்கு மட்டும் சிவந்து தெரிந்தது. "மாமா, ஆடி மாசத்துல இப்படியொரு குளுருங்களா? எலும்புக்குள்ள போகுதுங்க" என்றாள். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருக்கிறதாம். போனைத் திருப்பிக் காட்டினாள். ஈர மண், ஒரு மரவேலி, வேலிமேல் ஒரு கறுப்புப் பறவை. "இங்க கடையில அவரை வெதை கெடச்சுதுங்க. ஆடிப்பட்டந்தானுங்களே, இன்னைக்கே போட்டுறட்டுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டாள். "அமுச்சி குடுத்த அவரைய நீங்க ஆப்பிரிக்காவுலயே காய்க்க வெச்சீங்களாமே? அம்மா எப்பவும் சொல்லுவாங்க. எத்தன நாள்ல மொளைச்சுதுங்க மாமா?"

அவளுக்கு அமுச்சி என்றால் எனக்கு அம்மா. "எட்டு நாள்ல" என்றேன். சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. கார் சாவியை எங்கே வைத்தேன் என்று தினமும் தேடுகிறவன் நான். ஆனால் அந்த எட்டு நாள் மட்டும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. "இப்பப் போடாத கண்ணு, குளுரு போகட்டும்" என்று சொல்லிவிட்டு, சிக்னல் சரியில்லை என்று போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

உங்களிடம் சொல்வதற்கென்ன. தொண்ணூறுகளின் நடுவில் நான் சூலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஷிப்டிலிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் ஆப்பிரிக்க மில்களுக்குப் போயிருந்தார்கள். எனக்கும் ஜிம்பாப்வேயில் ஒரு மில்லில் வேலை வந்தது. சம்பளத்தைக் கேட்டேன், வீடு தருவார்களா என்று கேட்டேன், பாம்பு உண்டா என்றுகூடக் கேட்டேன். அங்கே பூமி தலைகீழாக இருக்கும் என்று யாரும் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பரீட்சைக்குப் படித்ததெல்லாம் வாழ்க்கைக்கு வருமென்று யார் நினைத்தார்கள்?

கிளம்புவதற்கு முன் வெள்ளகோவில் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்துக்குப் போனேன். அப்பா காலமான பிறகு அம்மா தனியாக அந்த மேட்டாங்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஓர் அவரை இருந்தது. விதை கிட்டத்தட்டக் கறுப்பு, முதுகில் வெள்ளைக் கோடு. காயின் ஓரத்தில் ஊதா ஓடும். வாணலியில் போட்டால் அந்த ஊதா போய்விடும், வாசம் மட்டும் வாசல்வரை வரும். அவள் கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டிலிருந்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்த விதை. வேறு எவர் தோட்டத்திலும் அதை நான் பார்த்ததில்லை. சாம்பலில் புரட்டி வைத்திருந்ததில் சரிபாதியைத் துணியில் கட்டிக் கொடுத்தாள்.

"ஆடி பொறந்ததும் போட்டுப்போடு கண்ணு. பட்டம் தவறுனா பூவோட நின்னுபோயிரும்" என்றாள். விதையை நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது என்று எனக்குத் தெரியும். வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டுபோனேன். வெட்கப்பட வேண்டிய பட்டியலில் அது சின்னது, அதனால் அதை இத்துடன் விடுகிறேன்.

போய் இறங்கியது வைகாசியில். கோயமுத்தூரில் அக்கினி நட்சத்திரத்தில் வெந்துவிட்டு வந்தவனுக்கு முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. ஆனியில் பல் கிட்டியது. ஆடியில் நானும் என் மனைவியும் வீட்டுக்குள்ளேயே காலுறை போட்டுத் திரிந்தோம். தேங்காய் எண்ணெய் உறைந்து, பாட்டிலை வெயிலில் வைத்துத் தலைக்குத் தடவினோம். நிலாவில் முயல் தலைகீழாக இருந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன தினசரி காலண்டரை ஆணியில் மாட்டி, ஒவ்வொரு காலையும் தாள் கிழித்தேன். வானத்தைப் பார்த்து நடக்க வேண்டிய ஊரில் காலண்டரைப் பார்த்து நடந்தேன். அதில் 'ஆடி 1' என்று சிவப்பிலோ பச்சையிலோ வந்ததும் மண்வெட்டியை எடுத்தேன்.

வீட்டின் தெற்குப் பக்கம் பாத்தி கட்டினேன். எங்கள் ஊரில் குளிர் மாதங்களில் தெற்கில்தானே வெயில் விழும். பக்கத்து வீட்டு டெண்டாய் வேலியோரம் நின்று பார்த்தான். அவனும் எங்கள் மில்தான், கார்டிங் டிபார்ட்மெண்ட், என் வயதுதான். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகும், நீ நிழலில் தோண்டுகிறாய் என்றான். நவம்பரில் மழை வரும், அதுவரை விதையைப் பத்திரமாக வை என்றான். பொறுமையாக, ஆங்கிலத்தில், இரண்டு தடவை சொன்னான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக விவசாயம் பார்த்தவர்கள், எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம் என்றேன். என் வாழ்நாளில் நான் மண்வெட்டி பிடித்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். அம்மா களை வெட்டியபோது நான் கோயமுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். டெண்டாய் வேலியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அந்த முகம் இன்றும் என் முன்னால் நிற்கிறது.

என் மனைவி மட்டும் "பாதிய வெச்சுக்கலாமுங்க" என்றாள். நான் கேட்கவில்லை. துணி முடிச்சில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் அத்தனையையும் ஊன்றினேன். தினமும் தண்ணீர் ஊற்றினேன். மூன்று வாரம் கழித்து மூன்று முளை தலை தூக்கியது. துள்ளிக் குதித்தேன். நான்காம் நாள் காலை பாத்தியெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளை உறைபனி. வெயில் ஏறியபோது மூன்றும் கருகித் தொங்கின. மற்றதைத் தோண்டிப் பார்த்தால் கையில் கூழாக வந்தது. கார்த்திகையில் மழை கொட்டியது. டெண்டாய் வீட்டில் சோளமும் பூசணியும் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தன. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் மில்லுக்குப் போய் வந்தேன்.

தை பிறந்தபோது, குடை பிடித்துக்கொண்டு பொங்கல் வைத்துவிட்டு, ஊருக்குப் போன் போட்டேன். அம்மா வீட்டில் போன் கிடையாது. பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குப் போட்டு, ஆள் அனுப்பிக் கூட்டிவரச் சொல்லி, பத்து நிமிடம் கழித்து மறுபடி போட வேண்டும். மூச்சு வாங்க ஓடிவந்து பேசினாள். நல்லா இருக்கிறாயா என்று கேட்கவில்லை.

"அவரை காய்ச்சுதா கண்ணு?"

அவளைச் சுற்றி அந்த வீட்டு ஆட்கள் நிற்பது எனக்குத் தெரியும். மகன் ஆப்பிரிக்காவில் அவரை போட்டிருக்கிறான் என்று அவள் ஊரெல்லாம் சொல்லியிருப்பாள். "நல்லா காய்ச்சுதுங்கம்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "எட்டு நாள்ல மொளைச்சுது. கொத்துக்குப் பன்னண்டு காயி. பக்கத்தூட்டுக்கெல்லாம் குடுத்தேனுங்க" என்றேன். என் மனைவி அடுப்பங்கரை வாசலில் நின்று என்னையே பார்த்தாள். அம்மா அந்தப் பக்கம் சிரித்தது கேட்டது. எவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தாள்!

அடுத்த வருடம் அவளிடமிருந்து இன்லேண்டு போல மடித்த ஏர்மெயில் வந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெண்ணை விட்டு எழுதச் சொல்லியிருந்தாள். கிணறு வற்றிவிட்டது, அவரைக்கொடி பூவோடு காய்ந்துவிட்டது, விதைக்கு ஒரு காய்கூட நிற்கவில்லை. கடைசி வரி இது: 'நல்லவேளை உனக்குப் பாதி குடுத்தேன் கண்ணு. வர்றப்ப ஒரு கைப்பிடி கொண்டா.'

அந்தக் கடிதத்தை நான் நான்கைந்து நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு எனக்கு வக்கில்லை.

இரண்டு வருடம் முடிந்து ஆனி மாதத்தில் லீவில் வந்தேன். நேராகத் தோட்டத்துக்குப் போகாமல் சூலூரில் மாமனார் வீட்டில் இரண்டு நாள் தங்கினோம். முதல் நாளே கோயமுத்தூர் போய் விதைக்கடையில் அவரை வாங்கினேன். இருந்ததில் கறுப்பாக எது என்று கேட்டேன். கடைக்காரர் கொடுத்ததில் வெள்ளைக் கோடு இருந்தது, நிறம்தான் ஆழ்ந்த பழுப்பு. அதுவும் பூச்சிமருந்து தடவி ரோஸ் நிறத்தில் இருந்தது. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியில் போட்டு, மருந்து போகத் தேய்த்துக் கழுவினேன். பேப்பரில் பரப்பி ஃபேனுக்கு அடியில் காயவைத்தேன். பேப்பரெல்லாம் ரோஸ் ஆனது. வெளிநாட்டு மில்லில் மெஷின்களுக்கு வைத்தியம் பார்த்தவன், குளியலறையில் அவரை தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி வந்து பார்த்தாள். "எதுக்குங்க இது? அத்தைகிட்டச் சொல்லிப்போடுங்க. அவங்க ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க" என்றாள். அதுதானே பயமே. திட்டுவாள் என்றால் சொல்லியிருப்பேன்.

விதையை மில்லின் பெயர் அச்சடித்த கவரில் போட்டு ஒட்டினேன். அந்தக் கவரை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

அம்மா கவரைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி, பெருவிரலால் உருட்டினாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "நெறம் கொஞ்சம் மாறிப்போச்சாட்ட இருக்குது" என்றாள்.

"அந்த மண்ணு அப்படிங்கம்மா."

"ஆமா. மண்ணு மாறுனா நெறமும் மாறுமாட்ட இருக்குது."

பிறகு சோறு போட்டாள். நான் ஆப்பிரிக்கக் கதை அளந்தேன். முயல் தலைகீழாக நிற்பதையும் தேங்காய் எண்ணெய் உறைவதையும் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். ரசம் ஊற்றிக்கொண்டே, "அங்க மழை எப்பக் கண்ணு?" என்று கேட்டாள். எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வி. "கார்த்திகை, மார்கழியிலங்கம்மா. நல்லாக் கொட்டும்" என்றேன்.

"அப்ப ஆடியில?"

"அய்யோ, ஆடியில பச்சத்தண்ணி தொட முடியாதுங்க. காலையில புல்லெல்லாம் வெள்ளையா ஒறைஞ்சு கெடக்கும். பச்சைனு ஒண்ணு நிக்காது" என்றேன், ரசத்தை உறிஞ்சிக்கொண்டே.

கரண்டி ஒரு நொடி நின்றது. "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள். நான் இலையில் சோற்றை அணை கட்டினேன். அவ்வளவு மரமண்டை. என்ன சொல்லிவிட்டேன் என்று அன்று எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த தை மாதம், பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு மறுபடி போன். எதுவும் முளைக்காமல் போயிருக்குமோ, வேறு காய் காய்த்திருக்குமோ என்ற பயத்தில்தான் போட்டேன். நான் கேட்பதற்கு முன்பே அவள் உரக்கச் சொன்னாள்: "நீ குடுத்த அவரை நல்லா காய்ச்சுது கண்ணு. எட்டு நாள்ல மொளைச்சுது. கொத்துக்குப் பன்னண்டு காயி. பக்கத்தூட்டுக்கெல்லாம் குடுத்தேன்."

தப்பித்தேன் என்று நினைத்தேன். மனைவியிடம், "பாத்தியா, கடை வெதையும் வெதைதான்" என்று பெருமை வேறு அடித்தேன்.

அம்மா போய்ப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்து, அக்கா தாராபுரம் கிளம்பிப் போன பிறகு, நான் ஒருவனே இருந்து அவளுடைய தகரப்பெட்டியைத் திறந்தேன். நான்கு சேலை, அப்பா படம், ரேஷன் கார்டு. அடியில் அந்த மில் கவர். உள்ளே விதை அத்தனையும் அப்படியே இருந்தது. ஒன்றுகூட மண்ணுக்குப் போகவில்லை. வண்டு துளைத்து உள்ளே மாவாகியிருந்தது. நான் தேய்க்காமல் விட்ட இடங்களில், விதையின் வெள்ளைக்கோட்டு ஓரத்தில், ரோஸ் நிறம் மட்டும் போகவில்லை.

அப்போதுதான் அந்தத் தை மாதப் போன் நினைவுக்கு வந்தது. அவள் சொன்னது அத்தனையும் நான் முன்பு சொன்னது. எட்டு நாள் என்னுடையது, பன்னிரண்டு காய் என்னுடையது, பக்கத்து வீடு என்னுடையது. ஒரு வார்த்தைகூட அவள் சொந்தமாகச் சேர்க்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள், மகன் சொன்னதை மனப்பாடம் செய்து, நான்கு பேர் கேட்க, எனக்கே திருப்பிச் சொல்லியிருக்கிறாள். அதன்பிறகும் இருந்தவரை, என் மகன் ஆப்பிரிக்காவில் அவரை காய்க்க வைத்தான் என்று அக்காவிடமும் மற்றவரிடமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். பெட்டியை மூடிவிட்டு அந்த வெறும் வீட்டில் அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்பது அன்றும் எனக்கு ஆறுதலாக இருந்தது. என்ன ஜென்மம் நான்.

தோட்டம் இப்போது இல்லை. சைட் போட்டு விற்றுவிட்டார்கள். கிணற்றை மூடி அதன்மேல் யாரோ கார் ஷெட் கட்டியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் நான் பெரிதாக வருந்தவில்லை, கையெழுத்துப் போட்டுப் பங்கு வாங்கியவன்தானே. அந்தக் கறுப்பு விதையைத்தான் போகிற சந்தையிலெல்லாம் தேடுகிறேன். ஊதா ஓரம் வைத்த காயைக் கண்டால் வாங்கி வந்து உரித்துப் பார்க்கிறேன். எல்லாம் பழுப்பு. டெண்டாய் சொன்னதைக் கேட்டு நான்கு மாதம் பொறுத்திருந்தால் இன்று என்னிடம் இருந்திருக்கும்.

நேற்று அக்கா மகளிடமிருந்து செய்தி வந்தது. 'சரிங்க மாமா, குளிர் போனதும் போட்டுக்கறேன். அமுச்சி அவரை வெதை நம்மகிட்ட இன்னும் இருக்குதுங்களா?'

'இல்லை கண்ணு' என்று அனுப்பினேன். 'ஏனுங்க மாமா?' என்று உடனே வந்தது. அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. அவளுக்கு எழுத வேண்டியதைத்தான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.