பிளாஸ்டிக் இலைக்குத் தண்ணீர்

பக்கத்துக் கடையின் செக்யூரிட்டி தினமும் காலையில் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு பிளாஸ்டிக் இலைகளுக்குத் தண்ணீர் அடிக்கிறார். நான் கதை விடவில்லை. பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று அடிக்கிறார். எங்கள் தெருவில் பாதிப் பேர் டேங்கர் லாரிக்காரருக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்த கோடையிலும் இந்தத் திருப்பணி நிற்கவில்லை. தூசி படிந்தால் பச்சை மங்கிவிடுமாம். கடைக்காரர்களின் உத்தரவு.

அங்கே முன்பு ஒரு டீச்சரும் அவர் கணவரும் குடியிருந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவர்களுடைய செம்பருத்தி வேலி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்டதால் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் அதை காபி கடை ஆக்கினார்கள். கடை என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது, கஃபே என்று சொல்ல வேண்டும். பழைய ஓட்டு வீட்டின் அழகு என்று வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்வதற்காக ஓட்டை மட்டும் விட்டுவைத்தார்கள். வேலியை முதல் நாளே வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த இடத்தில் சுவரை ஒட்டி மரப்பலகையில் மேடை கட்டி, மேசை நாற்காலி போட்டார்கள். மேடை இருக்கிற உயரத்தில், உட்கார்ந்திருப்பவருக்குச் சுவர் முழங்கை வைக்கத்தான் உதவும். தலையைத் திருப்பினால் எங்கள் படுக்கையறை ஜன்னல்.

அந்த ஜன்னலோரம்தான் என் கணவரின் கட்டில். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு வரும், ஆனால் இழுத்து இழுத்து வரும். ஆஸ்துமாவும் இருப்பதால் ஜன்னலைச் சாத்தினால் மூச்சுத் திணறுகிறது. திறந்து வைத்தால், காலையில் நான் அவருக்கு உடம்பு துடைத்துவிடுகிற நேரத்தில் கஃபேயில் ஆட்கள் பன்னைப் பிய்த்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். திரை போட்டுப் பார்த்தேன். காற்று வராமல் அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. நடமாடிய நாளில், வாசலில் தபால்காரர் வந்தால்கூட சட்டையை மாட்டிக்கொண்டுதான் வெளியே போவார், அப்படிப்பட்ட மனிதர். ஒரு நாள் மேடையில் ஒரு பெண் போனைத் தூக்கிப் படம் எடுத்தபோது, அவர் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெண் எடுத்தது தன் காபிக் கோப்பையைத்தானாம். இருக்கலாம். 

வார்டு ஆபீசுக்குப் போனேன். வீட்டை ஒட்டிக் கடை நடத்துவதானால் நடுவில் உயிருள்ள செடிகளால் மறைப்பு வைக்க வேண்டும் என்று அனுமதி கொடுக்கும்போதே நிபந்தனை போட்டிருப்பதாக அங்கிருந்த அதிகாரி சொன்னார். நோட்டீஸும் அனுப்பினார். அடுத்த வாரமே கஃபே வாசலில் டெம்போ வந்து நின்றது. அதிலிருந்து ஜமுக்காளம் போலச் சுருட்டிய பிளாஸ்டிக் இலைகள் இறங்கின. அவற்றை விரித்துச் சுவரில் கஃபே பக்கம் முழுக்க ஆணியடித்து மாட்டினார்கள். சுவர் வரைக்கும்தான், அதற்கு மேல் பழையபடி திறந்த வெளி. சுவரை மறைத்துவிட்டார்கள். சுவரா எங்கள் வீட்டை எட்டிப் பார்த்தது?

கஃபே மேனேஜர் சேலம் பக்கத்து இளைஞர். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, காபியின் மேல் உள்ள பக்தியால் இந்தத் தொழிலுக்கு வந்ததாக அவரே எல்லோரிடமும் சொல்வார். அவரைக் கேட் பக்கத்தில் பிடித்தேன்.

"கிரீன் ஸ்கிரீன் போட்டாச்சே ஆன்ட்டி, பாக்கலையா?" என்றார்.

"இது பிளாஸ்டிக் தம்பி."

"பிரீமியம் குவாலிட்டி ஆன்ட்டி. அஞ்சு வருஷத்துக்கு வாடவே வாடாது."

"வாடாது, சரி. வளருமா?"

நான் ஏதோ ஜோக் சொன்ன மாதிரி விழுந்து விழுந்து சிரித்தார். "நீங்க செம ஜாலி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு அறைந்தால் என்ன என்று இருந்தது.

மறுபடியும் ஆபீசுக்கு நடந்தேன். அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவர் வருகிற அன்று காலையில் இன்னொரு டெம்போ வந்தது. இந்த முறை நிஜச் செடிகள், தொட்டி தொட்டியாக நல்ல உயரப் பனைச் செடிகள். மேடை ஓரமாக வரிசையாக நிறுத்தினார்கள். என் கணவரின் ஜன்னலுக்கு நிழலே வந்துவிட்டது. அதிகாரி வந்தார், படம் எடுத்தார், காபி குடித்தார், போனார். நானும் முட்டாள் மாதிரி சந்தோஷப்பட்டு, கணவருக்கு ஜன்னலை அகலத் திறந்து வைத்தேன். சாயங்காலம் அதே டெம்போவில் தொட்டிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எங்கப்பா எடுத்துட்டுப் போறீங்க?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"வாடகைச் செடிங்க அக்கா. நாளைக்கு ஒயிட்ஃபீல்டுல ரிசப்ஷன் இருக்கு."

ஊரான் கல்யாணத்துக்குப் போகிற செடி போகிற வழியில் எங்கள் மானத்தையும் அரை நாள் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறது. அன்றைக்கு முடிவு செய்தேன், இவர்களை நம்பிப் பிரயோஜனமில்லை.

மார்க்கெட்டில் காய்காரம்மாவிடம் முளைவிட்ட சௌசௌ ஒன்று கேட்டு வாங்கினேன். தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் அதைப் பெங்களூர் கத்திரிக்காய் என்பார்கள். இந்த ஊர்க் குளிருக்கு அது பேய் மாதிரி வளரும். காயை முழுசாக, முளை வெளியே தெரிகிற மாதிரி, சுவருக்கு எங்கள் பக்கத்தில் புதைத்தேன். வெல்டிங் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சுவருக்கு மேலே இரும்புக் குழாய் நிறுத்திக் கம்பி இழுக்கச் சொன்னேன். தண்ணீர்த் தட்டுப்பாட்டில் செடிக்கென்று தனியாக ஊற்ற வழியில்லை. அரிசி கழுவிய தண்ணீர், அப்புறம் கணவருக்கு உடம்பு துடைத்து மிஞ்சுகிற தண்ணீர், இவைதான் அதற்கு. அது குறை சொல்லவில்லை. மழை பிடித்ததும் கம்பியெல்லாம் ஏறி, உள்ளங்கை அகல இலைகளாக அடைத்துக்கொண்டு, சுவரைத் தாண்டி அந்தப் பக்கமும் இறங்கி, அவர்களுடைய பிரீமியம் குவாலிட்டியை முக்கால்வாசி மூடிவிட்டது.

அப்புறம் ஜன்னல் நாள் முழுக்கத் திறந்தே இருந்தது. அந்தப் பக்கம் ஆள் பேசுவது கேட்கும், ஆள் தெரியாது. என் கணவர் துண்டை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொள்வதை விட்டார். காய்ப்பு தாங்காமல் தெரு முழுக்கக் கொடுத்தேன். கூட்டு, பொரியல், தோலில் துவையல் என்று நாங்களும் சலிக்கச் சலிக்கச் சாப்பிட்டோம்.

கஃபேயின் லைசென்ஸைப் புதுப்பிக்க அந்த அதிகாரி திரும்பவும் வந்தார். காலை நேரம். நான் ஈரத் துணியும் கையுமாக இருந்தேன், கணவர் மேலே துணியில்லாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கொடிக்கு அந்தப் பக்கம் மேனேஜரின் குரல் கேட்டது. "நம்து கிரீன் ஸ்கிரீன் சார், ஃபுல் நேச்சுரல்" என்று தனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் சொல்கிறார். அதிகாரி "சென்னாகிதே, சென்னாகிதே" என்கிறார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். போனில் படம் எடுக்கிற சத்தமும் கேட்டது. என் கொடியை, என் காதுபடவே, தங்களுடையது என்று காட்டுகிறார்கள். வாய் வரைக்கும் வந்த கத்தலை விழுங்கினேன். குரல் கொடுத்தால் அதிகாரி இலையை விலக்கிக்கொண்டு யாரென்று எட்டிப் பார்ப்பார். கணவரின் நிலை அப்படி. பல்லைக் கடித்துக்கொண்டு முதுகைத் துடைத்தேன். அந்தப் பக்கம் காபி வந்தது.

இரண்டு நாள் கழித்து, அதே காலை வேளையில் காலிங் பெல் அடித்தது. கணவர் மேல் துண்டைப் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால், மேனேஜர் கையில் கேக் பெட்டியோடு நிற்கிறார்.

"தேங்க்ஸ் சொல்ல வந்தேன் ஆன்ட்டி. ஆபீசர் ரொம்ப இம்ப்ரெஸ் ஆயிட்டாரு. லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் கொடியக் கொஞ்சம் நல்லாப் பாத்துக்கோங்க, சரியா? எங்க சைடுல தொங்குறத மட்டும் டிரிம் பண்ணிட்டீங்கன்னா இன்னும் நீட்டா இருக்கும். கஸ்டமர்ஸ் தலையில காய் இடிக்குது."

  கேக் பெட்டியை என் கையில் வைத்துவிட்டுப் போனார். நேரே சமையலறைக்குப் போய்ப் பெட்டியை வைத்துவிட்டுப் பெரிய கத்தியை எடுத்தேன். அடித்தண்டு கட்டை விரல் கனம்தான், ஒரே வெட்டு. மதியத்துக்குள் இலை துவண்டுவிடும். அதிகாரியை நானே கூட்டிவந்து, பாருங்கள் இவர்களுடைய ஃபுல் நேச்சுரலை என்று காட்டுவேன். லைசென்ஸும் கிடைக்காது, கேக்கும் விற்காது.

கொல்லைக் கதவுக்குப் போக கணவரின் அறையைத் தாண்டித்தான் போக வேண்டும். என் முகத்தையும் கத்தியையும் பார்த்தார். மேனேஜர் பேசியது அவருக்கும் கேட்டிருக்கிறது.

"கொடிய வெட்டப் போறியா?"

"ஆமா. வேரோட."

ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். ஈரத் துண்டுக்குள் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது, பாதியில் விட்டுவிட்டுப் போயிருந்தேன் அல்லவா.

"வெட்டு," என்றார், ஒவ்வொரு சொல்லாக இழுத்து. "அதுக்கு முன்னாடி... எனக்கு லுங்கியக் கட்டி வுட்டுடு."

கத்தியை ஜன்னல் திட்டில் வைத்தேன். மிச்ச உடம்பைத் துடைத்து, லுங்கி கட்டி, சட்டை போட்டு, தலையணையை நிமிர்த்தி அவரைச் சாய்த்து உட்கார வைத்தேன்.  அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், கைக்கு எட்டின இரண்டு காய்களைக் கூட்டுக்கு அறுத்துக்கொண்டு, துடைத்த தண்ணீரைக் கொடியின் அடியில் ஊற்றினேன். சுவருக்கு அந்தப் பக்கம் செக்யூரிட்டி பிளாஸ்டிக் இலைக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார்.