குளிர்ப்பெட்டியின் வடிகுழாய்

1992ஆம் ஆண்டு ஓகஸ்ட் 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. எங்கள் மண்ணெண்ணெய்க் குளிர்ப்பெட்டியைத் திறந்தபோது கீழ்த்தட்டில் ஒரு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. அதில், மூடிய பிளாஸ்ரிக் டப்பா ஒன்று மிதந்தது. உள்ளே இருந்தவை பக்கத்து வளவு அக்காவின் மகளுக்குரிய இன்சுலின் குப்பிகள்.

யாழ்ப்பாணத்து உடுவிலில் போரால் மின்சாரம் நின்று நெடுநாளாகியிருந்தது. அப்பா வன்னியில் ஆசிரியராக இருந்த காலத்தில் வாங்கிய அந்தப் பெட்டி, அடியில் எரியும் சிறு விளக்கின் சூட்டைக் கொண்டே குளிரை உண்டாக்கும். தமிழ் வகுப்பில் முரணணியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும். குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்திருந்த அக்காவுக்கோ அது அணியன்று, மகளின் உயிர். அந்தக் குப்பிகள் பழுதானால் அடுத்தவை எப்போது கிடைக்குமென்று ஆஸ்பத்திரியிலும் சொல்ல முடியாத காலம் அது.

நான் கூப்பிட்டதும் அக்கா ஓடி வந்து, பக்கத்தில் நின்ற அப்பாவைக் கேட்டார்.

"என்ன மாஸ்ரர், உங்கடை பெட்டிக்குள்ளை மழை பெய்யுதே?"

அப்பா குனிந்து விளக்கைப் பார்த்தார். கதவின் கீழ்மூலையால் கசிந்த நீர் திரியருகே சொட்டிக்கொண்டிருந்தது. சுடர் மஞ்சளாகி நடுங்கியது.

"குளிராக்கிற காஸ் போயிட்டுதெண்டு நினைக்கிறன். ஒரு நாள் தலைகீழாய்ப் புரட்டி வைச்சால் சில வேளை சரிவரும். இல்லாட்டி இனி உதுக்குள்ளை சேலை மடிச்சு வைக்க வேண்டியதுதான்."

"சேலை கிடக்கட்டும். என்ரை பிள்ளையின்ரை மருந்தை எங்கை வைக்கிறது?"

அப்பாவை மறுத்துப் பேசும் வழக்கம் எனக்கில்லை. ஆயினும் மேலறையைத் தொட்டுப் பார்த்தபோது பனிக்கட்டி கல்லாக இறுகியிருந்தது. குளிர் போய்விட்டிருந்தால் முதலில் இளகுவது அதுவாகத்தான் இருக்கும். கோளாறு குளிரில் இல்லை, தண்ணீர் போகும் வழியில் இருக்கிறது என்று தோன்றியது.

"கொஞ்சம் பொறுங்கோ அப்பா. புரட்ட முதல் தண்ணி எங்காலை வருதெண்டு பாப்பம்."

அவர் என்னைச் சற்று வியப்போடு பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். அக்கா டப்பாவைத் துடைத்து, தம் வீட்டு ஈரமணற் சட்டிக்குள் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மேலறைக்குக் கீழே சரிவான தகட்டு வாய்க்கால் ஒன்று உண்டு. மேலறையின் வெளிப்புறத்தில் அன்றாடம் படிந்து சொட்டும் நீர் அதில் விழுந்து, ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பெட்டியின் பின்னால் உள்ள சிறு தகர ரின்னில் சேர வேண்டும். பின்னால் போய்ப் பார்த்தேன். ரின் காய்ந்து கிடந்தது. வாய்க்காலில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினேன். அது அங்கேயே நின்றது. தென்னை ஈர்க்கு ஒன்றை மேலிருந்து குழாய்க்குள் விட்டேன். தடையின்றி இறங்கி, கடைசியில் மெத்தென்ற எதிலோ முட்டியது. கீழ் முனையில் விரல் வைத்தபோது பஞ்சு தட்டுப்பட்டது. இழுத்தேன். ஊறிக் கறுத்த ஒரு பஞ்சுக் கட்டி வெளியே வந்தது. அதைத் தொடர்ந்து தேங்கியிருந்த நீர் என் முழங்கை வரை நனைத்தபடி பாய்ந்தது.

அப்பா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"அது நான் வைச்ச பஞ்சு," என்றார். "குழாய்க்காலை எறும்பு ஏறி டப்பாவிலை மொய்க்குதெண்டு போன கிழமை அடைச்சனான்."

"எறும்புக்கு அடைச்சுத் தண்ணிக்கும் அடைச்சுப் போட்டாய்!"

"நான் அடைச்சதோடை நிண்டன் மாஸ்ரர். நீங்கள் பெட்டியையே கவிழ்க்கப் பாத்தியள்."

அப்பா பழந்துணி ஒன்றை எடுத்து வந்தார். அதை எண்ணெயில் தோய்த்துக் குழாயின் வெளிப்புறத்தில், வாயை மூடாமல், எறும்பு ஏறாதபடி சுற்றிக் கட்டினார். நான் நனைந்த திரியை மாற்றி, கரி படிந்த தகட்டைத் துடைத்தேன். விளக்கை மறுபடி ஏற்றினோம்; பெட்டி முழுதும் குளிர விடிந்துவிடும்.

புறப்படும்போது அக்கா என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது.

"பிள்ளை, இனியும் மருந்தை இங்கை வைக்கலாமோ? இல்லாட்டி வேறை இடம் பாக்கவோ?"

வேறு இடம் எதுவும் இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எழுத்தில் சொற்களைத் தேர்ந்து அடுக்கப் பழகியிருந்த எனக்கு அந்த நேரத்தில் ஒரு சொல்லும் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அது எந்தப் பொருளில் அவரைச் சேர்ந்ததோ தெரியாது. அவர் போன பிறகு, "ஓம், வையுங்கோ" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேயிருந்தேன். உதவி பெறுபவர் ஒவ்வொரு முறையும் புதிதாய்க் கேட்க வேண்டியிருப்பது எத்தனை பாரம் என்பதை அதுவரை நான் யோசித்ததில்லை.

மறுநாட் காலை சுடர் நீலமாக நின்றது. ரின்னின் அடியில் தெளிந்த நீர் சேர்ந்திருந்தது. முகம் கழுவியதும் வேலியிலிருந்த பொட்டு இடைவெளிக்குள் குனிந்து அக்காவின் முற்றத்துக்குப் போனேன். அவர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பெட்டி குளிர்ந்திட்டுது. மருந்தைத் தாங்கோ," என்றேன்.

சட்டியிலிருந்து அவர் எடுத்துத் தந்த டப்பாவை இரு கைகளாலும் வாங்கி வந்து, எங்கள் பாற்பேணியை ஒதுக்கிவிட்டு, மேல்தட்டில் வைத்தேன்.