மிதந்த பொன்

பொன்தூள் வாசற்படிக்கு வெளியே விழுந்தால் வேம்புலியம்மாளுடையது. உள்ளே விழுந்தால் பத்தருடையது. பூந்தமல்லியில் நகைப் பட்டறைகள் இருந்த அந்தத் தெருவில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவள் மாமியார் பெருக்கிய காலத்திலும் அப்படித்தான். காலையில் சாக்கடைச் சேற்றை வழித்துக் கூடையில் எடுத்துப்போய், குளத்தில் மரத்தட்டை ஆட்டி ஆட்டி அரிப்பாள். மண் போகும், கரி போகும். கடைசியில் தட்டின் அடியில் மயிரிழை போல மஞ்சள் நிற்கும். அதில்தான் அடுப்பு எரிந்தது.

தூளைப் பார்த்தே உள்ளே நடக்கும் வேலையைச் சொல்லிவிடுவாள். கரடாக இருந்தால் வளையல், சன்னமாக இருந்தால் மூக்குத்தி. ஊரில் யார் வீட்டில் கல்யாணம் என்பது வெற்றிலை பாக்கு வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

யுத்த காலத்தில் பரந்தாம பத்தர் ஒரு இயந்திரம் செய்தார். ஆவடிப் பட்டாளப் பட்டறையில் வேலை பார்த்த மைத்துனர் சொன்ன யோசனை. பழைய தையல் மிஷினின் மிதிகட்டைக்கு மேலே இரண்டு மர உருளைகள். அவற்றைச் சுற்றி, உப்புத்தாளைப் போலச் சொரசொரப்பான ஒரு துணிப்பட்டை, இரண்டு விரல் அகலத்தில். மிதித்தால் பட்டை ஓடும். அரை நாள் அரம் போட வேண்டிய கம்மல், ஒரு வெற்றிலை போடும் நேரத்தில் வழவழவென்று ஆகிவிட்டது.

வேம்புலியம்மாள் துடைப்பத்தோடு நின்று பார்த்தாள்.

"இன்னா பத்தரே, நகைக்குச் சட்டை தைக்கிறீங்களா?"

"நீ உன் வேலையப் பாரு."

"அதத்தான் பாத்துக்கினு கீறேன். அரத்துல ராவுனா தூள் கீழ வுழும். இதுல எங்க போவுது?"

பத்தர் குனிந்து தரையைப் பார்த்தார். அதை அவர் யோசித்திருக்கவில்லை.

அந்த வாரம் அந்தக் கடைச் சேற்றில் ஒன்றும் நிற்கவில்லை. அடுத்த வாரமும் இல்லை. மற்ற கடைகளில் யுத்தத்தால் வேலை குறைவு. வீட்டில் கஞ்சி தண்ணீராகிக்கொண்டே வந்தது.

"பத்தரே தூளைத் தின்னுட்டாரா?" என்றான் அவள் புருஷன் துலுக்கானம்.

"தின்னாலும் எந்த வழியாச்சும் வெளிய வரணுமே."

பசியைவிட அதுதான் அவளைக் குடைந்தது. பட்டை வாசலைப் பார்த்து ஓடுகிறது. சாய்ந்த வெயிலில், வாசற்படியைத் தாண்டி மெல்லிய புகை போல ஒன்று தெருவுக்கு வருவதைக் கண்ணால் பார்த்தாள். அப்படியானால் பொன் சாக்கடையில்தான் இருக்கிறது. தட்டில் ஏன் இல்லை?

ஒருநாள் அவள் சேறு வழித்துக்கொண்டிருக்கும்போதே, பத்தர் நகை கழுவிய பூந்திக்கொட்டைத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார். அன்று குளத்தில் தட்டை ஆட்டினாள். வழக்கமாக எண்ணெய்ப் படலம் போல ஒன்று மிதந்து தண்ணீரோடு போய்விடும், அழுக்கு என்று விட்டுவிடுவாள். அன்று அது நுரை பட்டதும் கலைந்து அடியில் போய் உட்கார்ந்தது. மஞ்சள்.

பொன் மிதக்கும் என்று மாமியார் சொன்னதில்லை. மறுநாள் வெறும் தண்ணீரில் அரித்தாள். மிதந்தது. பூந்திக்கொட்டையைக் கசக்கி நுரையைத் தெளித்தாள். இறங்கியது. அடுத்த நாளும், தேவையே இல்லாமல், மிதக்கவிட்டு இறக்கிப் பார்த்தாள். இறங்கியதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஐந்தாம் நாள் கடை வாசலில் மாங்காட்டு அன்னம்மாள் உட்கார்ந்திருந்தாள். மகளின் கம்மலைத் தேய்க்கக் கொடுத்தவள்.

"மூணு குன்றிமணி எடை கொறையுது. இன்னா, கம்மல் குடுத்தனா, வெயில்ல வெண்ணெ வெச்சனா?"

பத்தர் சாமி மேல் சத்தியம் செய்தார்.

"சாமிய வந்து நிறுக்கச் சொல்லு" என்றாள் அன்னம்மாள். பொன் வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்றாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பத்தர் பட்டறை மண்ணை அள்ளி அள்ளி ஊதினார்.

வேம்புலியம்மாளின் கை முந்தானை முடிச்சுக்குப் போனது. சொன்னால் பத்தர் இயந்திரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். சாக்கடை காய்ந்துவிடும். வெளியே விழுந்தது அவளுடையது, அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் இத்தனை வருஷம் சேற்றில் எடுத்த பொன்னுக்கு முகம் கிடையாது. இது யாருடைய காதுப் பொன் என்று தெரிந்துவிட்டது. அதுதான் தொந்தரவு.

முடிச்சை அவிழ்த்தாள்.

"உன் பொண்ணு கம்மல் இங்க கீதும்மா. மிசினு தெருவுல ஊதிக்கினு கீது. இந்த வாரத்துத் தூள்."

"இந்த வாரம் பட்டையில வெச்சது இவங்க கம்மல் மட்டுந்தான்" என்றார் பத்தர், யாரையும் பார்க்காமல்.

தராசில் இரண்டரை நின்றது. மீதிக்குப் பட்டையைக் கழற்றி எரித்தார். சாம்பலில் கிடைத்தது. அன்னம்மாள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

அன்று பிற்பகலே இயந்திரம் சுவரைப் பார்த்துத் திரும்பியது. பின்னால் ஒரு ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, புதுப் பட்டை மாட்டினார். இரண்டு நாள் கழித்துச் சாக்கைத் தாமே வாளித் தண்ணீரில் அலசினார். படலம் மிதந்து விளிம்பு வழியாக ஓடியது. மறுபடி அலசினார். மறுபடி ஓடியது. வாசற்படிக்கு வந்தார்.

"இன்னா போட்டு அரிக்கிற?"

"அது என் கையில கீது பத்தரே."

"சொன்னா இன்னா கொறஞ்சிபூடும்?"

"மூணு குன்றிமணி."

பத்தரின் முழங்கையருகே கிண்ணத்தில் பூந்திக்கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தாள்.

"சரி. சாக்கு உன் பொறுப்பு. அஞ்சுல ஒரு பங்கு உனக்கு. உள்ள வந்து எடுத்துக்கினு போ."

"குளத்துலதான் அலசுவேன்."

"எங்கியோ அலசு."

துடைப்பத்தை வெளியே சாத்திவிட்டு வாசற்படியைத் தாண்டினாள். அவள் மாமியார் தாண்டாத படி. சாக்கிடம் போகாமல் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றாள்.

"ஒருவாட்டி மிதிச்சிப் பாக்கட்டுமா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பட்டை ஓடத் தொடங்கியிருந்தது.